காற்றாலையா, எரிவாயுக் கிடங்கா?

காற்றாலையிலோ எரிவாயுவைச் சேமிக்கும் கிடங்கிலோ பணம் போட அழைக்கும் திட்ட அறிக்கைகள் இரண்டிலும் முதல் பக்கத்திலேயே ஆண்டு வருமானம் தடித்த எழுத்தில் இருக்கும். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். காற்றாலையில் மின்சார விலையை ஒப்பந்தம் போட்டுக் கட்டிவிடலாம். எவ்வளவு மின்சாரம் விளையும் என்பதுதான் தெரியாது. எரிவாயுக் கிடங்கில் எவ்வளவு கொள்ளும் என்பது தெரியும்; என்ன லாபம் மிஞ்சும் என்பதுதான் தெரியாது.

காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப மாறுகிறது. வேகம் 10 சதவீதம் குறைந்தால் ஆற்றல் 27 சதவீதம் போய்விடும். அதனால் காற்றை அளந்த கம்பம் எந்த உயரத்தில், எத்தனை மாதம் நின்றது என்று கேளுங்கள். முதலீட்டாளருக்குக் காட்டும் தாளில் பெரும்பாலும் 'பி50' கணக்கு இருக்கும்: அந்த அளவு மின்சாரம் கிடைக்கவும் வாய்ப்பு பாதி, கிடைக்காமல் போகவும் பாதி. கடன் தரும் வங்கியோ 'பி90' கேட்கும். அதாவது, பத்தில் ஒன்பது பங்கு உறுதியுள்ள அளவு. வங்கி பார்க்கும் கணக்கையே நீங்களும் பாருங்கள்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள். ஒரே வட்டாரத்தில் எல்லோரும் சேர்ந்து தூற்றினால்? சந்தையில் மின்சாரம் குவிந்து விலை சரியும். மின்பாதை நிரம்பிவிட்டால் டர்பைனையே நிறுத்தச் சொல்வார்கள். நிலையான விலை ஒப்பந்தம் முதல் அடியைத் தாங்கும். இரண்டாவது அடிக்கு இழப்பீடு உண்டா என்பதை, உள்ளே எங்கோ பொடி எழுத்தில் இருக்கும் ஒரு விதிதான் சொல்லும்.

கிடங்கின் பிழைப்பு வேறு. கோடையில் மலிவாக வாங்கிப் பூமிக்கடியில் ஏற்றி, குளிர்காலத்தில் விற்பது. அந்த விலை இடைவெளி சுருங்கினால் வயிறும் சுருங்கும். பிரிட்டனின் மிகப் பெரிய கிடங்கான ரஃப் 2017இல் மூடப்பட்டதற்கு, பழுதான பழைய கிணறுகளோடு இதுவும் ஒரு காரணம். 2022இல் ஐரோப்பாவில் எரிவாயு நெருக்கடி வந்ததும் அதையே மறுபடி ஓரளவு திறந்தார்கள்.

பலர் கவனிக்காத செலவு ஒன்று உண்டு. அழுத்தம் குறையாமலிருக்க, எடுக்கவே முடியாதபடி ஒரு பங்கு வாயு உள்ளேயே கிடக்க வேண்டும்; குஷன் கேஸ் என்பார்கள். வற்றிய எரிவாயு வயல்களில் அது ஏறக்குறைய பாதி. உப்புப் படிவத்தில் குடைந்த குகைகளில் அதைவிடக் குறைவு. ஆண்டுக்குப் பலமுறை நிரப்பி எடுக்கவும் முடியும். நிலவியலும் காலை வாரலாம். ஸ்பெயின் கடலோரத்தில் காஸ்டோர் கிடங்கில் 2013இல் வாயுவை ஏற்றியபோது நிலநடுக்கங்கள் வந்தன, திட்டம் கைவிடப்பட்டது. முதலீட்டாளருக்கு அரசு ஏற்பாடு செய்த இழப்பீடு 135 கோடி யூரோ. எல்லா அரசுகளும் அப்படிக் கைகொடுக்கும் என்று நம்பிப் பணம் போட முடியாது.

என் பணம் என்றால், 15 ஆண்டு விலை ஒப்பந்தமுள்ள காற்றாலைக்கே பெரும்பங்கு. கிடங்கில் போடுவதானால், அதன் கொள்ளளவு முன்கூட்டியே குத்தகைக்குப் போயிருக்க வேண்டும். அப்போது வருவது வாடகை, சூதாட்டப் பணமல்ல. குத்தகைக்காரர் யார், எத்தனை ஆண்டுக்கு என்ற கேள்விக்கு இரண்டு வரியில் பதில் வராவிட்டால், அறிக்கையை மூடிவைத்துவிடுவேன்.