பகலுக்கு நாலு ஸ்டார், ராத்திரிக்கு ஒன்று: நாயை விட்டுவிட்டுப் போன போர்டிங் பற்றி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இடத்தின் பெயரைப் போடப் போவதில்லை. அங்கே வேலை பார்க்கும் ஒரு தம்பி மேல் எனக்கு அவ்வளவு மரியாதை, இடத்தை நடத்துகிறவர் மேல் அதில் கால்வாசிகூட இல்லை, பெயர் போட்டால் அடி விழப்போவது தம்பிக்குத்தான். அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் சுண்டுவுக்கு வயது 7, எடை 14 கிலோ. என்ன ஜாதி நாய் என்று கேட்டால் பார்க்கிற ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். இடி இடித்தால் உயிரே போய்விடும், இடது காதைத் தொட்டால் பிடிக்காது, மற்றபடி பரம சாது. போன விடுமுறைக்கு அவளை வீட்டிலேயே விட்டுவிட்டு, காலையும் மாலையும் வந்து பார்த்துக்கொள்ளத் தோழி ஒருத்தியிடம் சாவி கொடுத்திருந்தோம். சுண்டு இரண்டு நாள் வாசல் கதவுக்குப் பின்னாலேயே படுத்துக் கிடந்தாளாம், மூன்றாம் நாள் தோழி கதவைத் திறந்த இடுக்கில் பாய்ந்து ஓடிவிட்டாள். நாலு தெரு தள்ளித்தான் பிடித்தார்கள். தோழி இன்னும் என்னோடு பேசுகிறாள் என்றால் அது அவளுடைய பெருந்தன்மை. அதனால் இந்த முறை 9 ராத்திரிக்கு போர்டிங், அதாவது காசு வாங்கிக்கொண்டு நாயைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம், என்று முடிவு செய்தோம்.

நல்லதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் நல்லது நிறையவே இருந்தது. பார்க்கப் போன அன்று நான் மூக்கைத்தான் நம்பினேன். நாய்கள் இருக்கிற இடத்தில் நாய் வாடை இருக்கத்தான் செய்யும், ஆனால் மூத்திர நெடி கண்ணைக் கரித்தால் அப்படியே திரும்பி வந்துவிட வேண்டும். கிருமிநாசினி வாடை ஆளைத் தூக்கினாலும் எனக்குச் சந்தேகம்தான், நாம் வருகிறோம் என்று தெரிந்து இப்போதுதான் கழுவிவிட்டிருப்பார்கள். இங்கே இரண்டும் இல்லை. வாசலில் இரட்டைக் கேட், வெளிக் கேட்டை மூடித் தாழ் போட்ட பிறகுதான் உள் கேட்டைத் திறக்கிறார்கள். எங்கள் பழைய கதைக்குப் பிறகு அந்த இரண்டாவது கேட்டைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. புது இடத்துக்கு வந்த நாய் முதல் சில நாளில்தான் அதிகமாகத் தப்பி ஓடப் பார்க்கும், கழுத்துப் பட்டை தளர்வாக இருந்தால் தலையைப் பின்னுக்கு இழுத்து உருவிக்கொண்டு போய்விடும். அந்தத் தம்பி பட்டைக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்த்து, "ஒரு ஓட்டை இறுக்கணும் அக்கா" என்றான். விரல் இரண்டு நுழைய வேண்டும், மூன்று நுழையக் கூடாது, அதுதான் கணக்காம்.

தடுப்பூசி விஷயத்தில் கறாரோ கறார். ரேபிஸ், டிஸ்டெம்பர், பார்வோ எல்லாம் அட்டையில் தேதியோடு இருந்தும், கென்னல் காஃப் என்கிற தொற்று இருமலுக்கான மருந்து போடவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு எங்கள் டாக்டர் சொன்னார், பத்து நாய்கள் ஒரே கூரைக்கு அடியில் இருந்தால் ஒன்று இருமினாலே போதும், போர்டெட்டெல்லா என்கிற கிருமி காற்றிலேயே பரவிவிடும். மூக்கில் விடுகிற மருந்து என்றால் சில நாளில் வேலை செய்யும், ஊசியாகப் போட்டால் முதல் தடவை போடும் நாய்க்குச் சில வார இடைவெளியில் இரண்டு டோஸ் வேண்டும். ஆக, பெட்டி கட்டுகிற அன்றைக்குப் போய் நின்றால் ஒன்றும் நடக்காது. அந்த இருமலைக் கொண்டுவரும் கிருமிகள் பல இருப்பதால் மருந்து போட்டாலும் லேசாக வரலாம், அது வேறு விஷயம். பார்வோ கிருமியோ மண்ணிலேயே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அட்டையைக் கேட்காமல் நாயை வாங்கிக்கொள்ளும் இடம் என்றால், பக்கத்து அறை நாயிடமும் கேட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் அர்த்தம்.

இனி தம்பியைப் பற்றி. ஒவ்வொரு அறைக் கதவிலும் ஒரு சிலேட்டு மாட்டி வைத்திருந்தான். சுண்டுவின் சிலேட்டில் முதல் நாளே "இடது காது தொடாதே" என்று எழுதிவிட்டான். அதன் கீழே எத்தனை மணிக்குச் சாப்பாடு, எவ்வளவு மிச்சம், ஒன்று போனாளா இரண்டு போனாளா, கெட்டியா தண்ணியா, எல்லாம். நான் சாப்பாட்டை வேளைக்கு ஒரு பொட்டலமாக அளந்து கட்டிக் கொடுத்திருந்தேன். புது இடமும் புதுச் சாப்பாடும் சேர்ந்தால் வயிறு கண்டிப்பாகக் கெடும்; சாப்பாட்டை மாற்றுவதென்றால் ஒரு வாரமாவது பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்ற வேண்டும், போர்டிங்கில் அதற்கெல்லாம் ஏது நேரம். அப்படியும் முதல் இரண்டு நாள் அவள் பாதிக்கு மேல் தொடவில்லை. மூன்றாம் நாள் தம்பி கிண்ணத்தைக் கதவுப் பக்கமிருந்து எடுத்துப் பின்சுவர் மூலையில், அவள் சுவரைப் பார்த்து நிற்கிற மாதிரி வைத்தான். எதிர் அறையில் இருந்த பெரிய நாய் கண்ணில் படாததும் முழுசாகச் சாப்பிட்டு முடித்துவிட்டாள். இதை அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நின்று பார்த்திருக்கிறான், அவ்வளவுதான். நான் 7 வருடம் வளர்த்திருக்கிறேன், எனக்குத் தோன்றியிருக்குமா என்று தெரியாது.

துவைக்காத பழைய சட்டை ஒன்றைக் கொடுத்தனுப்பினோம், அதை அவள் படுக்கையிலேயே விரித்து வைத்திருந்தான். துவைத்துக் கொடுத்துவிடாதீர்கள், நம் வாசனை இருந்தால்தான் அதற்குப் பலன்.

இதுவரைக்கும் நாலு ஸ்டார். சரி, இப்போது ராத்திரிக்கு வருவோம்.

அலுவலகத்திலிருந்து தினமும் படம் வரும். சுண்டு புல்லில், சுண்டு பந்தோடு, சுண்டு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கீழே "சூப்பரா இருக்கா!" என்று ஒரு வரி, ஆறு இதயம். ஐந்தாம் நாள் ராத்திரி அங்கே மழை என்று தெரிந்ததும் எனக்குத் தூக்கம் வரவில்லை, ஒன்பது மணிக்கு, "இப்போ எப்படி இருக்கா, ஒரு படம் அனுப்ப முடியுமா?" என்று கேட்டேன். இரண்டே நிமிடத்தில் படம் வந்தது. கால் நீட்டிப் படுத்திருக்கிறாள், பார்க்க நிம்மதியாகத்தான் இருந்தது. என் கணவர்தான் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "தரையில வெயில் அடிக்குதே" என்றார். ஜன்னல் கம்பியின் நிழல் தரையில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு, மழையில்.

போன் அடித்தேன், எடுக்கவில்லை. நாலு தடவை அடித்தேன். மறுநாள் காலையில் தம்பியே எடுத்தான், பாவம், அவனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "ராத்திரி இங்க யாரும் தங்கறதில்லக்கா, எட்டரைக்குப் பூட்டிட்டு காலைல ஆறரைக்குத் திறப்போம்." பத்து மணி நேரம்! விண்ணப்பத்தில் "24 மணி நேரக் கண்காணிப்பு" என்று அழகாக அச்சடித்திருந்தார்களே என்று நடத்துகிறவரிடம் கேட்டால், "கேமரா இருக்கு மேடம்" என்கிறார். கேமரா பார்க்கும் ஐயா, எழுந்து வந்து கதவைத் திறக்குமா? அதுவும் அந்தக் கேமரா விளையாட்டு முற்றத்தில்தான் இருக்கிறது, அறைகளில் இல்லை என்பது இன்னும் தாமதமாகத் தெரிந்தது. ஒரு நாய் வாந்தி எடுத்தாலும், வயிறு ஊதி மூச்சு வாங்கினாலும், ஒயர் புகைந்தாலும் விடியும்வரை யாருக்கும் தெரியாது. வயிறு முறுக்கிக்கொள்வதெல்லாம் சில மணி நேரத்தில் உயிரை வாங்கிவிடக் கூடிய விஷயம், பெரிய உடம்பும் ஆழமான நெஞ்சுக்கூடும் உள்ள நாய் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

அந்த மழை ராத்திரியில் என்ன நடந்தது என்பதைக் கூட்டிவரப் போன அன்று சிலேட்டுதான் சொன்னது. "6: முன் வலது கால், நகம் உடைந்து ரத்தம், கழுவி மருந்து போட்டேன்." இடிக்குப் பயந்து கதவைப் பிறாண்டியிருக்கிறாள். கதவின் அடிப்பக்கம் பெயிண்ட் உரிந்து கோடு கோடாக இருந்தது, நான் குனிந்து தடவிப் பார்த்தேன். அதே ஆறாம் நாள் எங்களுக்கு வந்த செய்தி: "சூப்பரா இருக்கா!" நகம் உடைந்தது பெரிய காயம் இல்லை, எந்த வீட்டிலும் நடக்கலாம். தம்பி எழுதி வைத்ததை அலுவலகம் மறைத்தது, அதற்குத்தான் என் கோபம்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு கிண்ணம் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கப் பார்த்தாள், நான்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன், இல்லாவிட்டால் அப்படியே வாந்திதான். குரைத்துக் குரைத்துக் குரல் கம்மியிருந்தது, எடை 13.4 கிலோ, ஒன்றரை நாள் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள். இதெல்லாம் நல்ல போர்டிங்கிலும் நடக்கிறதுதான், நானும் குறை சொல்லவில்லை. விரல் இடுக்கு, காதின் உள்பக்கம், வால் அடி எல்லாம் பிரித்துப் பார்த்தேன், ஒரு உண்ணிகூட இல்லை, அதற்கும் தம்பிக்கே நன்றி. ஆனால் வந்த அன்றைக்கே நன்றாக இருக்கிறாள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கென்னல் காஃப் இரண்டு வாரம் வரைக்கும்கூடக் காத்திருந்து தலை காட்டும், உண்ணிக் காய்ச்சல் அதற்கும் மேலே ஒரு வாரம் தள்ளி வரலாம். அதனால் மூன்று வாரம் கழித்துத்தான் இதை எழுதுகிறேன்.

கணக்கு தீர்க்கும்போது இன்னொரு வேடிக்கை. ராத்திரிக் கணக்கு என்றுதான் பேச்சு, ரசீதில் பகல் கணக்கு போட்டு ஒரு நாள் கூட்டியிருந்தார்கள். கேட்டதும் குறைத்துவிட்டார்கள். நகத்துக்கும் பூட்டிய கதவுக்கும் சேர்த்து எனக்குக் கிடைத்தது ஒரு இலவசக் குளியல் கூப்பன். சுண்டுவுக்குக் குளியல் என்றாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள்.

ஒரு தப்பு என் பக்கமும் உண்டு. எங்களைப் பிடிக்க முடியாத நேரத்தில் எந்த டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போவது, எவ்வளவு வரை செலவு செய்யலாம், மயக்க மருந்து கொடுக்க யார் சம்மதம் சொல்வது என்றெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. இடிக்குப் பயப்படுவாள் என்பதைக்கூட வாயால்தான் சொன்னேன், விண்ணப்பத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை, நானும் ஓரத்தில் எழுதவில்லை. ஒரே ஒரு ராத்திரி டிரையலுக்கு விட்டுப் பார்த்திருந்தாலும் பாதி தெரிந்திருக்கும்.

அப்படியானால் மறுபடியும் அங்கே விடுவேனா? பகலில் விட்டுவிட்டுச் சாயங்காலம் கூட்டிவருவதென்றால் கண்ணை மூடிக்கொண்டு விடுவேன், அதுவும் தம்பி இருக்கிற வரைக்கும். ராத்திரிக்கு மாட்டேன்.

அடுத்த பயணத்துக்காக ஐந்து இடங்களுக்குப் போன் போட்டேன். படம் அனுப்புவீர்களா, ஏசி உண்டா என்றெல்லாம் கேட்கவில்லை. ராத்திரி யார் படுக்கிறார்கள், நாய் குரைத்தால் காதில் விழுகிற தூரத்தில்தான் படுக்கிறார்களா, அவ்வளவுதான் கேட்டேன். இரண்டு இடத்தில் "கேமரா இருக்கு" என்றார்கள். ஒன்றில் வாட்ச்மேன் உண்டு, கேட்டில், நாய்கள் இருப்பது பின்கட்டில். நாலாவது இடத்தில் கேள்வியே புரியவில்லை. ஐந்தாவதில் ஒரு பெரியவர் எடுத்தார், "நான்தான்மா படுப்பேன், நடுவுல கட்டில் போட்டு. குறட்டை விடுவேன், உங்க நாய்க்குப் பரவாயில்லையா?" என்றார். என் கணவர் விடுகிற குறட்டைக்கு அவள் 7 வருடமாகப் பழகியவள்தான் என்று சொல்லி, வருகிற வாரம் ஒரு ராத்திரிக்கு டிரையல் போட்டிருக்கிறேன்.