நான்கு ஆண்டுகளாக ஓர் ஏர் பிஸ்டல்: விசையும் ஒரு திருகும்

காசிமேட்டு நண்பர் ஒருவர் சென்ற வாரம் தண்டையார்பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, பொண்ணு இப்பத்தான் ஏர் பிஸ்டல் கத்துக்கிறா. உங்ககிட்ட இருக்கிற மாதிரியே ஒண்ணு வாங்கட்டுமா? ட்ரிகர் ரொம்ப லேசா இருக்குமாமே" என்று கேட்டார். அந்தப் பிஸ்டல் பழுது பார்க்கப்பட்டு முந்தைய நாள்தான் திரும்பி வந்திருந்தது. அந்த ஆத்திரத்தில் அவருக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

விசை, அதாவது ட்ரிகர், லேசாக இருப்பது ஒரு சிறப்பே அல்ல. பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் விசையின் எடை, அதாவது அதை இழுக்கத் தேவைப்படும் பளு, 500 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது அனைவருக்கும் பொதுவான விதி. விசை இரு கட்டங்களாகப் பின்னே நகரும்; அந்த எடை அவ்விரு கட்டங்களுக்கும் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் பிஸ்டலில் முதல் கட்டத்துக்கு ஏறத்தாழ 350 கிராம் வைத்திருக்கிறோம். விரல் அதைக் கடந்ததும் ஒரு சுவரில் மோதியதுபோல் நிற்கும், அதன் பிறகு மீதி எடையை மெல்ல ஏற்றினால் குண்டு புறப்படும்.

புதிதாகக் கற்பவருக்கு அந்தச் சுவர்தான் ஆசிரியர். என் மகள் தொடக்கத்தில் குறிமுனை நடுவில் வந்த கணத்திலேயே விசையை வெடுக்கென்று இழுப்பாள். வலக்கைக்காரியான அவளுடைய குண்டுகள் இடப்பக்கம் கீழே போய் விழும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 11.5 மில்லிமீட்டர்தான் என்பதால் அந்த ஓர் இழுப்புக்கே புள்ளிகள் உதிர்ந்துவிடும். இரண்டாம் கட்டத்தைக் குறைத்துப் பார்த்தோம். அவள் தயாராகும் முன்பே சுட்டது. எடையைக் கொஞ்சம் கூட்டி, சுவர் தெளிவாகத் தெரியும்படி வைத்து, விரல் நுனியின் சதைப்பகுதி நேராகப் பின்னோக்கி அழுத்தும்படி விசைத்தகட்டை அவளுடைய குட்டை விரலுக்கேற்பச் சற்றுப் பின்னுக்கு நகர்த்திய பிறகே, சுவரில் காத்திருந்து அழுத்தும் பழக்கம் வந்தது. காற்றை வீணாக்காமல் விசையை மட்டும் இயக்கிப் பழகும் வசதியும் இதில் உண்டு. பெல்லட் குண்டு டப்பாவை வேறு அறையில் வைத்துவிட்டு, வெற்றுச் சுவரைப் பார்த்து மாலைதோறும் முப்பது முறை அழுத்துவாள்.

இவ்வளவையும் கெடுப்பது இரண்டாம் கட்டத்துக்கான அந்த ஒற்றைத் திருகு. அரிசிமணி அளவுகூட இல்லாத அது தானாகவே தளர்கிறது. கன்டெய்னர் லாரிகள் பெயர்த்துப் போட்ட சாலையில் ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் பெட்டியை வைத்துக் கொண்டுபோவதுதான் காரணம் என்றார் பழுதுபார்ப்பவர். மடியில் வைத்துக் கொண்டுபோனபோதும் தளரத்தான் செய்தது. திருகின் தலையிலிருந்து உடல்வரை சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவைத்தோம். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் கோடு உடைந்து கால் சுற்று விலகியிருந்தது.

சென்ற ஆண்டு ஒரு போட்டிக்கு முன், கருவிச் சோதனையில் குழலை நிமிர்த்தி 500 கிராம் எடைக்கல்லை விசையில் மாட்டித் தூக்கியபோது, விசை தாங்கவில்லை. சுடவேண்டிய நேரம் நெருங்க நெருங்க, கை நடுங்க ஆலன் கீயால் திருகி ஒருவழியாகத் தேறவைத்தேன். ஆனால் அவள் விரலுக்குப் பழக்கமான சுவர் அன்று இடம் மாறியிருந்தது. அறுபது குண்டுகளையும் அந்நியமான விசையோடு சுட்டுவிட்டு வந்த அவள் முகத்தை நான் மறக்கவில்லை. இப்போது திருகையே மாற்றி, மரைக்கு மென்மையான பசை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நான்கு ஆண்டுகளில் இது மூன்றாவது முறை.

ஆகவே நண்பரிடம் வாங்க வேண்டாம் என்றே சொன்னேன். பயிற்சி நிலையத்துப் பிஸ்டலில் ஆறு மாதம் பழகட்டும், அவள் கைக்கு எந்தப் பிடி பொருந்துகிறது என்று தெரியட்டும், வாங்கும்போது மறக்காமல் ஓர் எடைக்கல்லும் வாங்குங்கள் என்றேன். "அப்போ உங்களுதைக் கொடுத்துடுறீங்களா?" என்று கேட்டார். கொடுக்க மாட்டேன் என்றேன். அந்தச் சுவரை என் மகளின் விரல் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்கும்.