இ-ஸ்வோர்ட்: குறிப்புகளைத் தொலைத்ததும் தோண்டி எடுத்ததும்

2012-இலிருந்து என் வேதபாடக் குறிப்புகள் எல்லாம் இ-ஸ்வோர்ட் மென்பொருளில்தான் இருக்கின்றன. ரிக் மேயர்ஸ் 2000-இல் வெளியிட்ட, வேதாகமம் படிப்பதற்கான இலவச மென்பொருள் இது. மாதம் இரண்டு ஞாயிறு பிரசங்கம் செய்கிற எனக்கு வேண்டியதெல்லாம் ஒரு பக்கம் வசனம், பக்கத்திலேயே என் குறிப்பு. அது இதில் குறைவின்றிக் கிடைக்கிறது. தோற்றத்தில் பழைய வாசனை கொஞ்சம் அடிக்கும். எனக்கும் வயதாகிவிட்டதால் உறுத்தவில்லை.

வேதாகமங்கள், விளக்கவுரைகள், அகராதிகள் போனால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். நாமே எழுதிய குறிப்பு அப்படியல்ல. அது ஆவணக் கோப்புறைக்குள், 'ஸ்டடி' என்ற பெயரும் 'நோட்எக்ஸ்' என்ற வாலும் கொண்ட ஒரே கோப்பில் கிடக்கிறது. அதைத்தான் நான் ஞாயிறுதோறும் இரவு பென்டிரைவில் நகலெடுத்து வைப்பேன். ஒரு வாரம் தவறியதில்லை. அந்த ஒழுங்கே என்னைக் கவிழ்த்தது.

2021-இல் மடிக்கணினியின் வன்தட்டு கட கடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. பழுதுபார்த்த கடைத் தம்பி புதிய தட்டு மாற்றி, விண்டோஸையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். "உங்கள் டாக்குமெண்ட் எல்லாம் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டேன், ஐயா." படங்களும் வேர்டு கோப்புகளும் வந்திருந்தன. நோட்எக்ஸ் என்றால் என்னவென்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லியிருக்க வேண்டும். பழைய தட்டு அதற்குள் முழுதாகச் செத்துவிட்டது.

நானோ இ-ஸ்வோர்டை மறுபடி நிறுவினேன். அதே 'ஸ்டடி' பெயரில் ஒரு வெற்றுக் கோப்பு வந்து உட்கார்ந்தது. திறந்து பார்க்கவில்லை. அன்று ஞாயிறு. இரவு வழக்கம்போல நகலெடுத்தேன். பழையதை மாற்றவா என்று விண்டோஸ் கேட்டது. நூற்றுக்கணக்கான முறை அழுத்திய 'ஆம்' பொத்தானைக் கை தானாக அழுத்தியது. ஒன்பது வருடக் குறிப்புகளின் மேல் வெற்றுத் தாளை ஒட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

புதன்கிழமை விஷயம் தெரிந்தது. அன்று நான் செய்த ஒரே நல்ல காரியம், பென்டிரைவை உருவி மேசை இழுப்பறைக்குள் போட்டதுதான். அதில் மேற்கொண்டு எது எழுதினாலும் அடியில் மிச்சமிருப்பதும் அழியும்.

இ-ஸ்வோர்ட் 9-ஆம் பதிப்பிலிருந்து எஸ்க்யூலைட் தரவுத்தளத்தைப் பயன்படுத்துகிறது. அப்படிப்பட்ட கோப்பு ஒவ்வொன்றும் தன் முதல் 16 பைட்டில் தான் யார் என்று எழுதி வைத்திருக்கும். ஃபோட்டோரெக் என்ற இலவசக் கருவி பெயரைப் பார்க்காமல் இந்த அடையாளத்தைப் பார்த்தே தேடும். சென்னையில் இருக்கும் மருமகன் தொலைபேசியில் வழி சொல்ல, தேடவிட்டேன். கிடைத்தவற்றைக் கணினித் தட்டிலேயே சேமிக்கச் சொன்னேன். பதினேழு கோப்புகள் வந்தன. எதற்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள்.

ஒவ்வொன்றாக, எஸ்க்யூலைட் கோப்புகளைத் திறந்து காட்டும் டிபி பிரவுசர் என்ற கருவியில் திறந்தேன். ஆறாவதில் புத்தகம், அதிகாரம், வசனம் என்ற எண்கள் தெரிந்தன: 45, 8, 28. ரோமர் நிருபம் 45-ஆவது புத்தகம். பக்கத்துக் கட்டத்தில் தமிழ் இல்லை. 2965, 2992, 3021, 2980 என்று எண்கள் ஓடின. குறிப்புகள் சேமிக்கப்பட்டிருந்த வடிவத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் தன் யூனிகோட் எண்ணாகவே எழுதப்படும். 2965 என்றால் க, 2992 ர, 3021 புள்ளி, 2980 த. விரலால் கூட்டி வாசித்தேன்: கர்த்... மீதியை வாசிக்கக் கண் விடவில்லை.

ஆனால் கோப்பு முழுதாக இல்லை. சோதித்தால் பிழைகள் பக்கம் பக்கமாக வந்தன. இ-ஸ்வோர்டில் திறக்கவே இல்லை. எஸ்க்யூலைட்டின் கட்டளைக் கருவியில் 2019-இல் 'ரிகவர்' என்ற கட்டளை சேர்க்கப்பட்டிருக்கிறது. உடைந்த கோப்பிலிருந்து வாசிக்க முடிந்ததையெல்லாம் பொறுக்கிப் புதிய கோப்பில் அடுக்கும். அதை ஓட்டி, வந்ததற்குப் பழைய பெயரை இட்டுக் கோப்புறையில் வைத்தேன். திறந்தது. சங்கீதம் இருந்தது, ரோமர் இருந்தது. 58-ஆம் எண்ணில், எபிரெயர் நிருபத்தில், 11-ஆம் அதிகாரம் அடியோடு காணவில்லை.

மென்பொருளைப் பற்றி என் தீர்ப்பு இந்த இடத்தில்தான் உறுதியானது. குறிப்புகளைப் பூட்டி வைக்காமல் எவரும் திறக்கக்கூடிய சாதாரணத் தரவுத்தளத்தில் வைத்திருப்பதால்தான் பிழைத்தேன். வேறு ஒரு கட்டண மென்பொருளிலும் இரண்டு வருடம் எழுதியிருக்கிறேன். அந்தக் கோப்புக்குள் எட்டிப் பார்க்க எனக்கு வழியே தெரியவில்லை.

இப்போது நகலெடுக்குமுன் இ-ஸ்வோர்டை மூடிவிடுகிறேன். திறந்தபடி எடுத்தால் பாதி எழுதிய நிலையிலேயே நகல் வரக்கூடும். ஒவ்வொரு வாரமும் தேதியிட்ட தனிக் கோப்புறை. பெயரைப் பார்ப்பதில்லை, அளவைப் பார்க்கிறேன்: போன வாரத்தைவிடக் குறைந்திருந்தால் கை நிற்கிறது. மாதத்துக்கு ஒரு முறை மனைவியின் கணினியில் அந்த நகலைத் திறந்தும் பார்க்கிறேன். "இன்றைக்கும் பரிசோதனையா?" என்பார்.

எபிரெயர் 11-க்கு மட்டும், பழைய அச்சு வேதாகமத்தின் ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியதைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்கிறேன். ஆபிரகாம் ஈசாக்கை ஒப்புக்கொடுக்கும் 17-ஆம் வசனம்வரை வந்திருக்கிறேன். அந்தப் பக்கத்தில் காபி கொட்டியிருக்கிறது. பாதி எழுத்து தெரியவில்லை.