12 மெகாவாட் தீவுக்கு எந்த மின்நிலையம்?

சிறு தீவு நாடுகளில் புதிய மின்நிலையம் பற்றிய பேச்சு எரிபொருளில்தான் தொடங்குகிறது: டீசலா, எரிவாயுவா, சூரியனா? அதற்கு முன்பே முடிவாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருப்பதிலேயே பெரிய இயந்திரம் சட்டென்று ட்ரிப் ஆனால், மிச்சமிருப்பவை தாக்குப்பிடிக்குமா?

கணக்குக்கு ஒரு தீவை வைத்துக்கொள்வோம். உச்ச லோடு 12 மெகாவாட், விடியற்காலையில் 6, சராசரி 8.5. ஆண்டுத் தேவை சுமார் 7.45 கோடி யூனிட். மொத்தம் 15 எம்விஏ (ஜெனரேட்டரின் மின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) ஜெனரேட்டர்கள் ஓடுகின்றன. அவற்றின் நிலைம மாறிலி, அதாவது சுழலும் பாகங்களில் உள்ள ஆற்றல் முழுத் திறனை எவ்வளவு நேரம் தாங்கும் என்ற அளவு, 1.5 விநாடி. இதில் 4 மெகாவாட் இயந்திரம் ஒன்று விழுந்தால் அதிர்வெண் விநாடிக்கு 6 ஹெர்ட்ஸ் வேகத்தில் சரியும். இயல்பான 50 ஹெர்ட்ஸிலிருந்து 48க்கு வர மூன்றில் ஒரு விநாடி போதும். இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் எரிபொருளைக் கூட்டி, காற்றை அழுத்தித் தரும் டர்போ காற்றைத் திரட்டுவதற்குள் தீவு முழுவதும் இருண்டிருக்கும். விழுந்தது 2 மெகாவாட் இயந்திரமாக இருந்தால் சரிவு விநாடிக்கு 2.5 ஹெர்ட்ஸ் அளவில் நிற்கும். ஓரிரு ஃபீடர்களை (ஊர்ப் பகுதிகளுக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைன்களை) தானாக வெட்டிவிட்டால் மற்றவை பிழைக்கும்.

இருப்புக் கணக்கும் இதையே சொல்கிறது. ஒன்று பராமரிப்பில், ஒன்று பழுதில் என்ற நிலையிலும் 12 மெகாவாட் கிடைக்க வேண்டுமானால், 4 மெகாவாட் இயந்திரங்களில் ஐந்து வாங்க வேண்டும். மொத்தம் 20 மெகாவாட். 2 மெகாவாட் இயந்திரங்கள் என்றால் எட்டு, அதாவது 16 மெகாவாட் போதும். ஒரு மெகாவாட்டுக்கு மலிவு என்று சொல்லி விற்கப்படும் பெரிய இயந்திரம், சிறு தீவில் மலிவாக அமைவதில்லை.

டீசலும் ஃபர்னஸ் ஆயிலும்

நிமிடத்துக்கு 1500 சுற்று சுழலும் டீசல் செட் (இன்ஜினும் ஜெனரேட்டரும் சேர்ந்தது), முக்கால் லோடில் ஒரு யூனிட்டுக்கு கால் லிட்டரோ சற்றுக் கூடுதலோ குடிக்கும். முழுக்க டீசலிலேயே ஓட்டினால் நம் தீவுக்கு ஆண்டுக்கு 1.86 கோடி லிட்டர், நாளைக்கு 51,000 லிட்டர். எண்ணெய்க் கப்பல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை வருகிறது, ஒருமுறை தாமதமாகலாம் என்று வைத்தால் 45 நாள் இருப்பு தேவை: 23 லட்சம் லிட்டர் தொட்டி. விலை லிட்டருக்கு 10 சென்ட் ஏறினால் ஆண்டுச் செலவு 18.6 லட்சம் டாலர் கூடும். அந்த விலையைத் தீர்மானிப்பதில் தீவுக்கு எந்தப் பங்கும் கிடையாது.

கெட்டியான கன எண்ணெயான ஃபர்னஸ் ஆயில் விலை குறைவு. ஆனால் அதற்குத் தொட்டியிலேயே சூடாக்கும் கருவி வேண்டும்; அழுக்கைப் பிரிக்கும் செபரேட்டரில் 98 டிகிரி, இன்ஜெக்டருக்கு முன் 120 டிகிரிக்கு மேல் வேண்டும். பிரிந்து வரும் கசடைக் கொட்ட இடம் வேண்டும். இவற்றையெல்லாம் சமாளித்தாலும், சூரிய மின்சாரத்தோடு அது ஒத்துப்போகாது. நிறுத்துவதற்கு முன் ஒவ்வொரு முறையும் டீசலுக்கு மாற்றிக் குழாய்களைக் கழுவ வேண்டும்; காலையில் நிறுத்தி மாலையில் ஓட்டும் வேலைக்கு அது பிறந்ததல்ல. இனி வாங்கும் இயந்திரம் 25 ஆண்டுகள் இருக்கப்போகிறது. நாள் முழுவதும் ஓடினால்தான் நன்றாக இருக்கும் என்ற வகையை இன்று வாங்குவது தவறு.

டீசல் செட்டுக்கும் ஒரு வரம்பு உண்டு. 30 சதவீதத்துக்குக் கீழான லோடில் மணிக்கணக்கில் ஓடினால் எரியாத எண்ணெய் புகைக்குழாயில் சேரும், லைனர் (சிலிண்டரின் உள்சுவர்) மழமழப்பாகும், மசகு எண்ணெய்ச் செலவு ஏறும். பேட்டரி இல்லாமல் சூரியத் தகடுகளை மட்டும் கூட்டிக்கொண்டே போகும் தீவுகளில் டீசல் செட்கள் சீக்கிரம் கெடுவது இதனால்தான்.

எரிவாயு

காகிதத்தில் அழகான வழி இது: புகை குறைவு, இன்ஜின் சுத்தம். மால்டா 2017இல் மிதக்கும் கிடங்கு வைத்து இதைச் செய்தது. ஜமைக்காவில் 190 மெகாவாட் ஓல்ட் ஹார்பர் நிலையம் ஓடுகிறது. இரண்டும் நூற்றுக்கணக்கான மெகாவாட் கேட்கும் நாடுகள். நம் 12 மெகாவாட் தீவுக்கு ஆண்டுக்குச் சுமார் 13,000 டன் திரவ எரிவாயு போதும். 1,70,000 கன மீட்டர் கொள்ளும் வழக்கமான கப்பல் ஒன்றின் சரக்கே ஐந்தரை ஆண்டுகளுக்கு மேல் வரும்! அதுவரை மைனஸ் 162 டிகிரியில் அதைக் காக்க முடியாது. கன்டெய்னர் தொட்டிகளில் கொண்டுவரலாம். ஒன்றில் 17 டன் வீதம் பார்த்தால் நாளைக்கு இரண்டு இறங்க வேண்டும், காலியானவை திரும்பிப் போக வேண்டும். புயலால் துறைமுகம் பத்து நாள் மூடினால் எரிபொருள் தீர்ந்துவிடும், அல்லது டீசல் தொட்டியையும் சேர்த்தே கட்ட வேண்டும். இந்த அளவு தீவுக்கு இதை நான் ஒதுக்கிவிடுவேன்.

காற்றாலை

நிலையான வணிகக் காற்று வீசும் இடத்தில் இது சூரியனைவிட நல்லது, இரவிலும் தரும். கேப் வெர்டேயில் நான்கு தீவுகளில் 25.5 மெகாவாட் காற்றாலைகள் நிறுவப்பட்டன. ஸ்பெயினின் எல் ஹியரோ தீவு 11.5 மெகாவாட் காற்றாலையோடு மேல், கீழ் நீர்த்தேக்கங்களை 2014இல் இணைத்தது; மிச்ச மின்சாரத்தில் நீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். தொடர்ந்து பல நாட்கள் டீசலே இல்லாமல் ஓடியிருக்கிறது. ஆனால் அங்கே 600 மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம் இருக்கிறது. தாழ்வான பவளத் தீவுக்கு அந்த வழி இல்லை.

பெரிய காற்றாலையைத் தூக்க நூற்றுக்கணக்கான டன் கிரேனும், அதை இறக்கத் தக்க துறைமுகமும் வேண்டும். பிறகு கியர்பாக்ஸ் பழுதானால் அதே கிரேன் மறுபடி வர வேண்டும். புயல் பாதையில் உள்ள தீவுகளுக்குக் கம்பியால் இழுத்துக் கட்டிய, புயலுக்கு முன் தரையில் சாய்த்து வைக்கக்கூடிய 275 கிலோவாட் வகை உண்டு. சமோவா அதை நிறுவியது. எதுவானாலும் கோபுரம் நட்டு முழு ஓராண்டு காற்றை அளக்காமல் டெண்டர் போடக் கூடாது. ஃபிஜியின் பூட்டோனியில் அதே வகையில் 37 காற்றாலைகள் நிறுவப்பட்டன. காற்று போதாமல் எதிர்பார்த்த மின்சாரத்தை அவை தரவில்லை.

சூரியனும் பேட்டரியும்

ஒரு மெகாவாட் தகடு ஏறத்தாழ ஒரு ஹெக்டேர் கேட்கும். வெப்பமண்டலத் தீவில் ஆண்டுக்கு 14 முதல் 15 லட்சம் யூனிட் தரும். 12 மெகாவாட் வைத்தால் தேவையில் 23 சதவீதம் கிடைக்கும். பசிபிக் தீவு நாடான பலாவுவில் 15.3 மெகாவாட் தகடுகளுடன் 12.9 மெகாவாட்-மணி (ஒரு மெகாவாட்-மணி ஆயிரம் யூனிட்) பேட்டரி வைத்திருப்பது ஏறக்குறைய இந்த அளவுதான். 60 சதவீதம் வேண்டுமென்றால் 35 மெகாவாட் தகடும், 60 மெகாவாட்-மணிக்கு மேல் பேட்டரியும் ஆகும்.

23 சதவீதம் என்ற முதல் கட்டம், 60 சதவீதம் என்ற இரண்டாம் கட்டம், இந்த இரண்டின் பொருளாதாரம் ஒன்றல்ல என்பதுதான் பலர் கவனிக்காத இடம். டீசல் லிட்டர் ஒரு டாலர் என்றால் எரிபொருள் மட்டுமே யூனிட்டுக்கு 25 சென்ட். தீவுக்குக் கொண்டுபோய் நிறுவ ஒரு மெகாவாட்டுக்கு 15 லட்சம் டாலர், 7 சதவீத வட்டி, 25 ஆண்டு ஆயுள் என்று தாராளமாகவே வைத்தாலும், பகலில் நேரே பயன்படும் சூரிய மின்சாரம் 11 சென்டைத் தாண்டாது. அதையே பேட்டரியில் ஏற்றி இரவில் எடுத்தால்? ஒரு கிலோவாட்-மணிக்கு 400 டாலர், 15 ஆண்டு, 15 சதவீத இழப்பு என்றால் 27 சென்ட், டீசலைவிட மலிவில்லை. பேட்டரி 250 டாலருக்கு வந்தால் 22 சென்ட், அப்போது வெல்லும். ஆகவே முதல் கட்டத்துக்குத் தயங்கத் தேவையில்லை. இரண்டாம் கட்டத்தை டெண்டரில் வரும் பேட்டரி விலையே முடிவு செய்யட்டும். அதற்கான இடம், கேபிள் பாதை, சுவிட்ச் பேனல்களில் காலி இடம் ஆகியவற்றை இப்போதே விட்டுவைக்க வேண்டும்.

முதல் கட்டப் பேட்டரி 12 மெகாவாட், 12 மெகாவாட்-மணி இருக்கட்டும். வேலை இரவுக்குச் சேமிப்பதல்ல. மேகம் மூடி ஒரு நிமிடத்துக்குள் பாதி உற்பத்தி போகும்போதும், டீசல் செட் ட்ரிப் ஆகும்போதும் அடுத்த இயந்திரம் கிளம்பும்வரை தாங்குவது. இன்வெர்ட்டர் தானே மின்னழுத்தத்தையும் அதிர்வெண்ணையும் உருவாக்கும் வகையாக இருப்பது கட்டாயம். கிரிட்டைப் பின்தொடரும் வகையை (வேறு இயந்திரம் உருவாக்கும் அதிர்வெண்ணைப் பார்த்தே இயங்குவதை) வாங்கினால் ஒரு டீசல் செட்டையாவது எப்போதும் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

அடுத்த சிக்கல், பழுதைக் கண்டு லைனைத் துண்டிக்கச் செய்யும் பாதுகாப்பு ரிலே. ஷார்ட் ஆனால் டீசல் ஜெனரேட்டர் தன் அளவைப்போல் பல மடங்கு மின்னோட்டத்தைத் தள்ளும். இன்வெர்ட்டர் ஒன்றரை மடங்கைத் தாண்டுவது அரிது. டீசல் நின்றிருக்கும் நண்பகலில் ஃபீடர் கடைசியில் கம்பி அறுந்து விழுந்தால் ஃபியூஸ் போகாது, ரிலே அசையாது, கம்பி உயிரோடு கிடக்கும். மனித உயிர் சம்பந்தப்பட்டது இது. இன்வெர்ட்டர் திறனைக் கூட்டுவது, ரிலே செட்டிங்கை நிலைமைக்கேற்ப மாற்றுவது, அல்லது இன்ஜினைக் கிளட்ச்சால் கழற்றி ஆல்டர்னேட்டரை (ஜெனரேட்டர் பகுதியை) மட்டும் சுழல விடுவது என்று தீர்வுகள் உண்டு. கடைசி வழியை ஃப்ளைவீலோடு (கனமான சுழல் சக்கரத்தோடு) சேர்த்து ஆஸ்திரேலியாவின் கிங் தீவு நடைமுறையில் காட்டியிருக்கிறது.

புயல் விஷயத்தில் 2017இன் இர்மாவும் மரியாவும் கரீபியனில் கற்பித்தது தெளிவு. இரண்டு தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளாம்ப் ஒன்று நழுவினால் வரிசையே சீட்டுக்கட்டாய்ப் பறக்கும். தகட்டின் சட்டத்தில் துளைவழியே போல்ட், தளராத நட்டு, ஆண்டுதோறும் முறுக்கு விசைச் சோதனை என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். போல்ட் 316 தர ஸ்டெயின்லெஸ். அலுமினியத்தைத் தொடும் இடத்தில் காப்பு வாஷர். பேட்டரி கன்டெய்னரில் உப்புக் காற்றுக்கு முதலில் பலியாவது பெரும்பாலும் குளிரூட்டிதான். இரட்டையாக வாங்கி, உதிரி கம்ப்ரெஸரையும் தீவிலேயே வைக்க வேண்டும்.

புவிவெப்பம் எரிமலைத் தீவுக்கு மட்டும். துளையிட்ட பிறகே இருக்கிறதா என்று தெரியும். கடலடி கேபிள் அண்டை நாடு அருகே இருந்தால் நல்லது. ஆனால் 2019 டிசம்பரில் கப்பல் நங்கூரம் சிசிலியிலிருந்து வரும் கேபிளைச் சேதப்படுத்தியபோது மால்டா முழுவதும் இருண்டது. கேபிள் இருந்தாலும் உள்ளூர் இயந்திரம் வேண்டும்.

ஆகவே என் தேர்வு: 2 மெகாவாட் டீசல் செட் எட்டு (பழையவற்றில் நல்லது இருந்தால் அதையும் கணக்கில் சேர்த்து), இரண்டு மூன்று இடங்களில் பிரித்த 12 மெகாவாட் தகடு, மேலே சொன்ன பேட்டரி. காற்று அளவீட்டை உடனே தொடங்க வேண்டும். ஒப்பந்தத் தொகையில் பத்து சதவீதத்தையாவது பிடித்து வைத்து, மூன்று சோதனைகள் முடிந்த பிறகே விடுவிக்க வேண்டும். மாலை உச்ச லோடில் பெரிய டீசல் செட்டை வேண்டுமென்றே ட்ரிப் செய்வது ஒன்று. நண்பகலில் டீசல் எல்லாம் நின்றிருக்க, பெரிய ஃபீடரை வெட்டி மீண்டும் இணைப்பது இரண்டு. தீவு முழுவதும் இருண்ட நிலையிலிருந்து பேட்டரியை மட்டும் கொண்டு மின்சாரத்தை மீட்பது மூன்று. மூன்றையும் உள்ளூர் ஆபரேட்டர்களே செய்ய வேண்டும்; நிறுவிய பொறியாளர்கள் பார்த்துக்கொண்டு நின்றால் போதும்.