தெருப் பூங்காவுக்கு எந்தப் பணம்: எம்.எல்.ஏ. நிதியா, நமக்கு நாமேயா?

லேஅவுட் போட்டபோது பூங்காவுக்கென்று ஒதுக்கி, மாநகராட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்த இடம். அதில் இப்போது சீமைக்கருவேலம்தான் வளர்கிறது. இப்படி ஒரு இடம் இல்லாத புறநகரே கிடையாது. அதைச் சீர்செய்ய யாரிடம் பணம் கேட்பது என்று எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் நிறையப் பேசி, கடைசியில், மக்கள் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும் நமக்கு நாமே திட்டத்துக்குப் போனோம். அலைந்தவன் நான் என்பதால் என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

மாநகராட்சிப் பொது நிதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். சாலை, சாக்கடை, தெருவிளக்கு என்று வரிசை முடிந்து பூங்காவுக்கு முறை வரும்போது நிதியாண்டு முடிந்திருக்கும். எம்.பி. நிதி ஆண்டுக்கு 5 கோடி. ஆனால் தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். நம் தெரு அங்கே கண்ணில் படுவது கஷ்டம்.

உண்மையான போட்டி எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதியோடுதான். ஆண்டுக்கு 3 கோடி. மனு கொடுக்கிறோம், அவர் பரிந்துரைக்கிறார், மாவட்ட நிர்வாகம் நிர்வாக அனுமதி தருகிறது, மாநகராட்சி டெண்டர் விடுகிறது. நம் கையிலிருந்து ஒரு ரூபாய் போகாது. இதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். கவுன்சிலரும் எம்.எல்.ஏ.வும் ஒத்துப்போகிற வார்டாக இருந்தால் வேலை மளமளவென்று நடப்பதையும் பார்த்திருக்கிறேன். திறப்பு விழாக் கல்வெட்டில் பெயர் கொஞ்சம் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான்.

நமக்கு நாமே 1997-98-இல் வந்தது. 2011-க்குப் பிறகு தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் ஓடி, 2021-இல் பழைய பெயரோடு திரும்பியது. கணக்கு எளிது: மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்ட வேண்டும், மீதி அரசு. மதிப்பீடு 12 லட்சம் என்றால் நம் பங்கு 4 லட்சம்; எண்பது வீடு இருந்தால் வீட்டுக்கு 5,000. நீர்நிலை வேலை என்றால் மக்கள் பங்கு மதிப்பீட்டில் பாதி. குளம் தூர்வாரும் வேலையில் நான் இறங்கியதில்லை, அதனால் அந்தப் பக்கம் நடைமுறை எப்படி என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

வசூல் நாய்ப் பிழைப்பு. வாடகைக்கு இருப்பவர் ஓனரைக் கேளுங்கள் என்பார். ஓனர் வெளிநாட்டில் இருப்பார். "வரி கட்டுறோமே சார், அப்புறம் எதுக்கு இது?" என்ற கேள்விக்கு நேர்மையான பதில் என்னிடம் இல்லை. பணம் சேர்ந்த பிறகும் மதிப்பீடு, தீர்மானம், டெண்டர் எல்லாம் அதே பாதையில்தான் நகரும். வேகத்துக்காக யாரும் இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

பிறகு ஏன் தேர்ந்தெடுத்தோம்? பராமரிப்புக்காக. இரண்டு நிதியும் பூங்காவைக் கட்டித்தான் கொடுக்கும். போர்வெல் மோட்டார் எரிந்தால், ஊஞ்சல் சங்கிலி அறுந்தால், புல் முழங்கால் உயரம் வளர்ந்தால் ஏனென்று கேட்க அவற்றில் ஒரு செலவுத் தலைப்பும் இல்லை. காகிதத்தில் இரண்டும் சமம். நடைமுறையில் இரண்டு இடத்தில் வித்தியாசம் வருகிறது.

முதலாவது, மதிப்பீடு போடும் கட்டம். எம்.எல்.ஏ. நிதி வேலையில் பெரும்பாலும் மதிப்பீடு ஆயத்தமாகவே வரும்: நீரூற்று, வழுக்கும் டைல்ஸ், புல்தரை, வண்ண விளக்கு. பணம் கட்டுகிறவர்கள் உதவிப் பொறியாளர் எதிரே உட்கார்ந்து, "நீரூற்று வேண்டாம் சார், அந்தப் பணத்தில் சுற்றுச்சுவரை உயர்த்துங்கள்" என்று சொல்லலாம். நாங்கள் புல்தரைக்குப் பதில் வேம்பும் புங்கனும் கேட்டோம். புல்லுக்குத் தினமும் தண்ணீர் வேண்டும். புங்கன் இரண்டு கோடை தாண்டிவிட்டால் தன்னைப் பார்த்துக்கொள்ளும். நடைபாதைக்கு டைல்ஸ் இல்லாமல் சிமென்ட் பேவர் கல். ஒரு கல் உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம்.

இரண்டாவது, அந்த வசூல் நோட்டு. யார் வீட்டில் யார், ஓனர் எண் என்ன, யார் கொடுப்பார், யார் இழுப்பார் என்று எல்லாம் அதில் இருக்கிறது. சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கும் வந்துவிட்டது. வேலை முடிந்ததும் அதே பட்டியலை மாதம் 100 ரூபாய் சந்தாவாக மாற்றிக்கொண்டோம். தோட்டக்காரர் சம்பளமும் சில்லறை ரிப்பேரும் அதில் ஓடுகின்றன. இலவசமாக வந்த பூங்காவுக்குப் பின்னால் போய் இந்த வசூலைத் தொடங்குவது மிகக் கடினம். பக்கத்துப் பகுதியில் முயன்றார்கள், "கட்டினவங்களைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டார்கள். இந்த ஏற்பாடு பத்து வருடம் தாங்குமா என்பது வேறு விஷயம். எங்கள் பூங்காவுக்கு அந்த வயது இன்னும் ஆகவில்லை.

இந்தத் திட்டத்தின் மேல் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. மூன்றில் ஒரு பங்கு கட்ட முடிகிற தெருவுக்குத்தான் அரசின் இரண்டு பங்கும் போகிறது. தினக்கூலிக் குடும்பங்கள் நிறைந்த பகுதியில் வீட்டுக்கு 5,000 கேட்பது நியாயமே இல்லை. நிறுவனமோ வசதியான ஒருவரோ மக்கள் பங்கைக் கட்டலாம்தான். அப்படி ஒருவர் கிடைக்காத இடத்தில் எம்.எல்.ஏ. நிதிக்கு மனு கொடுப்பதே சரி. அங்கன்வாடி, ரேஷன் கடைக் கட்டடம் போன்றவற்றுக்கும் அதுதான் வழி. அவற்றைக் கட்டியபின் நடத்த ஒரு துறை இருக்கிறது. பூங்காவுக்குத்தான் யாரும் இல்லை.

எந்த நிதியில் போனாலும் மோட்டாருக்கான மின் இணைப்பு மாநகராட்சி பெயரில் இருக்கட்டும். சங்கத்தின் பெயரில் வாங்கினால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில்லும் உங்கள் தலையில்தான்.