மொறிஸ் மைனருக்கு முன்பக்க வேலை கொடுக்கிறவர்கள் கவனம்

யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர் கார் வைத்திருப்பவர்கள் இதை ஒருக்கால் வாசியுங்கள். நகரத்துக்குக் கிட்ட உள்ள ஒரு கராஜில், பெயர் போடவில்லை, என்னுடைய மைனர் 1000-க்கு முன்பக்க வேலை முழுக்கக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் சுவிவல் பின் (முன் சில்லு திரும்புகிற நிமிர்ந்த கம்பி), மேல் கீழ் ட்ரன்னியன் (அந்தக் கம்பியின் முனைகள் புகுகிற புரிச் சாமான்), றப்பர் புஷ் எல்லாம் இங்கிலாந்துச் சாமான், எல்லாம் புதுசு என்று பில்லில் எழுதி முழுக் காசையும் வாங்கிக்கொண்டார்கள்.

கார் வெளியே வந்த அன்றே ஸ்டியறிங் சரியான இறுக்கம். 1948-இல் வந்த முதல் மைனரிலேயே றாக் அண்ட் பினியன் ஸ்டியறிங்தான் (பல்லுச் சில்லு ஒன்று றாக் என்ற பல்லுக் கம்பியைத் தள்ளிச் சில்லுகளைத் திருப்புவது), அதனால் இந்தக் கார் எவ்வளவு லேசாகத் திரும்பும் என்று ஓட்டினவர்களுக்குத் தெரியும். இதுவோ வளைவு முடிந்தாலும் தானாகத் திரும்பி வராது, கையால் இழுத்து நேராக்க வேண்டும். வலது பக்கம் முழுக்க ஒடித்தால் ஏதோ முட்டி நிற்கும். நேர் றோட்டில் இடதுக்கு இழுக்கும்.

திரும்பக் கொண்டுபோனால், "புதுச் சாமான் தம்பி, ஓட ஓட இளகிவிடும்" என்றார் கராஜ்காரர். இளகவில்லை. அடுத்த முறை ரயரில் குறை சொன்னார். அதற்கும் அடுத்த முறை றாக் போய்விட்டதாம், தன்னிடமே ஒன்று இருக்கிறதாம், விலையும் சொன்னார்! வேலைக்கு விட முன்னம் நன்றாக இருந்த றாக் அது.

அதற்குப் பிறகுதான் சுன்னாகத்தில் பழைய பிரித்தானியக் கார்களோடேயே காலம் கழித்த ஒரு ஐயாவிடம் போனேன். அவர் முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, ட்ராக் றொட் (றாக்கைச் சில்லோடு இணைக்கிற கம்பி) இரண்டையும் சில்லுப் பக்கத்து ஸ்டியறிங் ஆமிலிருந்து கழற்றிவிட்டு, முதலில் ஸ்டியறிங்கைச் சுற்றினார், லேசாகச் சுற்றியது. றாக்கில் ஒரு பழுதும் இல்லை. பிறகு சில்லு இரண்டையும் தனித்தனியாகக் கையால் திருப்பினார். இடது சில்லு வலது பக்கம் திரும்பும்போது பாதியிலேயே இறுகியது. மைனரில் சுவிவல் பின்னின் இரண்டு முனையும் புரி வெட்டியது, சில்லு ஒடியும்போது அந்தப் பின் ட்ரன்னியனுக்குள் புரியில்தான் சுற்றுகிறது, காரின் ஒரு பக்கத்துக்கு இடதுபுரி, மற்றப் பக்கத்துக்கு வலதுபுரி. ட்ரன்னியனைப் பூட்டும்போது முழுக்க முறுக்கிவிட்டுக் கொஞ்சம் திரும்பத் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் முழுக்க ஒடிக்க இடம் இருக்காது. இவர்கள் முழுக்க முறுக்கி அப்படியே விட்டிருந்தார்கள். றப்பர் புஷ் நட்டுகளையும் கார் தூக்கில் இருக்கும்போதே இறுக்கியிருந்தார்கள். கார் நிலத்தில் தன் பாரத்தோடு நிற்கும்போது இறுக்க வேண்டிய நட்டு அது, இல்லையென்றால் றப்பர் எப்போதும் முறுகியபடியே நின்று சீக்கிரம் கிழியும். சில்லுகளின் உள்நோக்கு (முன்பக்கம் கொஞ்சம் உள்ளே பார்த்து நிற்பது) 3/32 அங்குலம், அதாவது 2.4 மி.மீ. அளவு இருக்க வேண்டும், என் காரில் அவை வெளியே பார்த்தபடி நின்றன.

இதெல்லாம் தெரியாத்தனம் என்று விட்டிருப்பேன். ஆனால் இடது பக்கக் கீழ் ட்ரன்னியனை மண்ணெண்ணெயில் கழுவினால் கறுப்புப் பெயின்ற் உரிந்து உள்ளே பழைய துரு. கழற்றிப் பார்த்தால் புரி தேய்ந்து கூராகி நிற்கிறது. பில்லில் புதுசு! இந்தக் காரை அறிந்தவர்களுக்கு விளங்கும், அந்தப் புரி விட்டுப்போனால் சில்லு மட்காட்டுக்குக் கீழே மடிந்து கார் மூக்கால் றோட்டில் இருக்கும். என் பிள்ளைகள் பின் சீற்றில் போகிற கார்.

பில்லோடும் அந்தச் சாமானோடும் போய்க் கேட்டேன். கூலியில் கொஞ்சம் தந்தார், சாமானைப் பற்றிக் கேட்டால் "பெடியன்தான் பூட்டினவன்" என்று முடித்துவிட்டார், பெடியன் இப்போது அங்கே இல்லையாம்.

நீங்கள் கொடுப்பதென்றால், கழற்றிய பழைய சாமான் எல்லாம் திரும்ப வேண்டும் என்று முதலே சொல்லுங்கள், பூட்ட முன்னம் புதுசைக் கையில் வாங்கிப் பாருங்கள், பெயின்ற் அடித்து வந்தால் சுரண்டிப் பாருங்கள். கிறீஸ் அடிப்பதையும் முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி வைத்தே அடிக்கச் சொல்லுங்கள், பாரம் ஏறி நிற்கும்போது கிறீஸ் புரி முழுக்கப் போகாது.

கார் இப்போது ஐயாவின் கொட்டிலில் நிற்கிறது. இடது பக்கக் கீழ் ட்ரன்னியன் யாரிடமாவது இருந்தால் விலை சொல்லுங்கள், ஆனால் புரியைப் பார்த்த பிறகுதான் காசு.