காதுக்குள் டைட்டானியம்: ஆறு வருடம் கழித்து

ஆபரேஷனுக்கு முன்பு வீட்டுக்குள் எங்கே போன் அடித்தாலும் எனக்கு அது வலது பக்கம்தான் அடிக்கும். இடது பக்க சோபாவில் கிடக்கும் போனைச் சமையலறையில் போய்த் தேடியிருக்கிறேன். சின்ன வயதிலிருந்து சீழ் வடிந்த இடது காது. கொலஸ்டியடோமா (நடுக்காதுக்குள் தோல் வளர்ந்து எலும்பை அரிக்கும் நோய்) என்று கண்டுபிடிப்பதற்குள் அது பட்டடை எலும்பை, அதாவது சவ்விலிருந்து உள்காதுக்குச் சத்தத்தைக் கடத்தும் மூன்று குட்டி எலும்புகளில் நடுவிலிருப்பதை, அரித்துவிட்டிருந்தது.

இரண்டு தடவை ஆபரேஷன். முதலில் நோயைச் சுரண்டி எடுத்துக் காதுச் சவ்வின் ஓட்டையை அடைத்தார்கள். ஒன்பது மாதம் கழித்துத் திரும்பத் திறந்து, மறுபடி வளரவில்லை என்று பார்த்துக்கொண்டு, போன எலும்புக்குப் பதிலாக டைட்டானியத் துண்டை வைத்தார்கள். மூன்றில் கடைசியான அங்கவடி எலும்பு எனக்கு முழுசாக இருந்ததால், அதன் தலைமேல் உட்காரும் குட்டை வகையே போதுமானதாக இருந்தது. அதுவும் அரித்துப் போயிருந்தால் அதன் அடித்தட்டு வரை நீளும் வகை வைக்க வேண்டும். அதில் பலன் பொதுவாகக் கொஞ்சம் மட்டு. உலோகம் சவ்வைத் துளைத்துக்கொண்டு வெளியே வராமலிருக்க, இரண்டுக்கும் நடுவே என் காதிலிருந்தே எடுத்த குருத்தெலும்புச் சீவல்.

கட்டுப் பிரித்த அன்றே கேட்கும் என்று நினைத்துப் போனேன். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே அடைத்த ஜெல் கரைய வாரக்கணக்கில் ஆகும். நாக்கின் இடது ஓரத்தில் நாலைந்து மாதம் இரும்பு நக்கியது போல ஒரு சுவை. சுவை நரம்பு ஒன்று நடுக்காது வழியாகப் போகிறதாம், இதை முன்கூட்டியே சொல்லியிருந்தால் காபித்தூளை மாற்றியிருக்க மாட்டோம்!

மூன்றாம் மாத ஆடியோகிராமில் (கேட்கும் திறன் சோதனை; எண் குறைந்தால் நல்லது) காற்றுவழி, அதாவது காதுத் துளை வழியாகக் கேட்பது, 56 டெசிபலிலிருந்து 31க்கு வந்திருந்தது. மண்டையோட்டு எலும்பு வழியாக நேரே உள்காதுக்குப் போகும் எலும்புவழி 14. இரண்டுக்கும் இடைவெளி 17. இருபதுக்குள் வந்தால் வெற்றி என்பது டாக்டர்கள் கணக்கு. ஆனால் எனக்கு முதலில் உறைத்தது முறுக்குதான். முன்பு கடித்தால் இடது காதுக்குள் ஜல்லி கொட்டுவது போலிருக்கும். எலும்பு வழியாக வரும் சத்தத்தை மறைக்க வெளிச்சத்தம் இல்லாததால் அப்படி. அது அடங்கிவிட்டது.

கல்யாண மண்டபத்தில் இன்னமும் தடுமாற்றம்தான். தலைக்குக் குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சு, வருடம் ஒரு தடவை மைக்ரோஸ்கோப்பில் சோதனை, இதெல்லாம் தொடர்கிறது. சளி பிடித்தால் நாலு நாள் காது மந்தம்.

போன மாதம் பார்த்ததில் காற்றுவழி 37, இடைவெளி 23. தொண்டைக்குப் போகும் குழாய் சரியாகத் திறக்காததால் சவ்வு உள்வாங்கியிருக்கிறதாம். ஆக, காகிதத்தில் நான் வெற்றிப் பட்டியலிலிருந்து வெளியே வந்தாயிற்று. திறந்து சரிசெய்யலாம், இல்லாவிட்டால் காது மெஷின் போடலாம் என்றார் டாக்டர். காது உலர்ந்து கிடக்கிறது, சாலையில் ஹாரன் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிகிறது, போனையும் இரண்டாவது ரிங்குக்குள் எடுத்துவிடுகிறேன். அடுத்த ஆடியோகிராம் வரை இப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.